வேப் கடை, நாலு இலக்க எண், ஒரு 'டிக்ளைன்'

(ஒலிப்பதிவைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தியிருக்கிறோம்.)

இந்த எபிசோடு ஒரு மெயில்ல இருந்து ஆரம்பிச்சது. அமெரிக்காவுல டெக்சாஸ்ல இருக்கிற ஒரு நேயர் எழுதியிருந்தார். பதினோரு வருஷம் சிகரெட் பிடிச்சவர். இப்போ ரெண்டு வருஷமா சிகரெட்டைத் தொடுறதில்ல, இ-சிகரெட்டுக்கு, அதாவது வேப்புக்கு மாறிட்டார். ஆன்லைன்ல ஒரு கடையில லிக்விட் ஆர்டர் பண்ணியிருக்கார். டிரைவிங் லைசென்ஸ் அப்லோடு பண்ணி, வயசு சரிபார்த்து, எல்லாம் முடிஞ்சு கார்டு போடுறார். டிக்ளைன். பேங்குக்கு போன் பண்ணா "எங்க பக்கம் பிரச்சினை இல்ல, கடையைக் கேளுங்க". கடையைக் கேட்டா "பேங்கைக் கேளுங்க". ரெண்டாவது கார்டும் போகல. மூணாவது கார்டு போயிடுச்சு.

அவர் கேட்ட கேள்வி இதுதான்: "இது சட்டப்படி தப்புன்னா அந்தக் கடை எப்படி இருக்கு? தப்பில்லன்னா என் பணத்தை நான் எங்க செலவு பண்ணணும்னு பேங்க் எப்படி முடிவு பண்ணுது?"

கேள்வி வேப்பைப் பத்தினதுன்னு தோணும். எனக்கு அப்படித் தோணல. அதனாலதான் ஒரு முழு எபிசோடு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் யாருக்கும் வேப் சிபாரிசு பண்ணல. நிக்கோடின் அடிமையாக்குற பொருள்தான், எந்த ரூபத்துல வந்தாலும். இந்தியாவுல இருந்து கேட்கிறவங்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. 2019-லயே இங்க இ-சிகரெட் தயாரிக்க, விற்க, விளம்பரம் பண்ண எல்லாத்துக்கும் தடை. முதல் தடவை மாட்டினா ஒரு வருஷம் வரைக்கும் சிறை, இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். இந்தியாவுக்குக் கடைசியில திரும்ப வர்றேன், வேற ஒரு காரணத்துக்காக.

இப்போ அந்த டிக்ளைனை ஒரு பக் மாதிரி எடுத்துப் பார்ப்போம்.

நீங்க 'பே' பட்டனை அமுக்கினதும் கடைக்காரருடைய பேங்க்ல இருந்து கார்டு நெட்வொர்க் வழியா உங்க பேங்குக்கு ஒரு மெசேஜ் போகுது. ஐஎஸ்ஓ 8583-ன்னு ஒரு தரம். ரொம்பப் பழசு. இன்னைக்கும் உலகத்துல பெரும்பாலான கார்டு பரிவர்த்தனை இதுலயோ, இதோட ஏதாவது ஒரு வடிவத்துலயோதான் ஓடுது. ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு ஃபீல்டு நம்பர். நாலாவது ஃபீல்டுல தொகை. பதினெட்டாவது ஃபீல்டுல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும், மெர்ச்சன்ட் கேட்டகரி கோடு. சுருக்கமா எம்சிசி. மளிகை சூப்பர்மார்க்கெட்னா 5411. பெட்ரோல் பங்க்னா 5541. சுருட்டு, சிகரெட் கடைன்னா 5993. வேப்புக்குன்னு தனியா ஒரு எண் இல்ல, அதனால வேப் கடைகளும் இந்த 5993-லதான் வரணும்.

அந்த மெசேஜ்ல எது இல்லைன்னு பாருங்க. நீங்க என்ன வாங்கினீங்கங்கிற தகவல் இல்ல. உங்க பேங்குக்குத் தெரியுறது தொகை, கடை பேரு, ஊரு, இந்த எண், கார்டை நேர்ல தேய்ச்சீங்களா ஆன்லைன்ல போட்டீங்களா, இவ்வளவுதான். நிக்கோடின் லிக்விட் வாங்கினீங்களா, வெறும் பேட்டரி சார்ஜர் வாங்கினீங்களா, அதுக்குத் தெரியாது. அதனால பேங்க் தடுக்கணும்னு நினைச்சா பொருளைத் தடுக்க முடியாது. கடையைத்தான் தடுக்க முடியும். இன்னும் சரியாச் சொன்னா, கடைக்கு ஒட்டியிருக்கிற நாலு இலக்கத்தைத் தடுக்கும்.

இதனால என்ன ஆகுதுன்னா, அதே நேயர் வீட்டுப் பக்கத்துல இருக்கிற பெட்ரோல் பங்க்ல போய் அதே கார்டைத் தேய்ச்சு ஒரு வேப் வாங்கினா, மெசேஜ்ல 5541-ன்னு போகும். பேங்க் கண்ணுக்கு அது பெட்ரோல். லைசென்ஸ் அப்லோடு பண்ணி, டேட்டாபேஸ்ல வயசு சரிபார்த்து வாங்குற வழி அடைபடுது. கவுன்டர்ல நிக்கிற பையன் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாதான் வயசு கேட்பாங்கிற வழி திறந்து கிடக்கு.

சரி, பதில் எப்படி வருது? முப்பத்தொன்பதாவது ஃபீல்டு. 00-ன்னா ஓகே. 51-ன்னா பணம் போதல. 54-ன்னா கார்டு காலாவதி. 57-ன்னா இந்தப் பரிவர்த்தனைக்கு இந்தக் கார்டுக்கு அனுமதி இல்ல. அப்புறம் ஒண்ணு இருக்கு, 05. அதுக்கு அர்த்தம் 'ஏத்துக்காதே'. ஏன்னு கேட்காதே. அவ்வளவுதான். பேமென்ட் துறையில வேலை பார்த்தவங்களுக்கு 05 மேல தனியா ஒரு கோபம் இருக்கும். நாம எழுதுற கோடுல எல்லா எர்ரரையும் ஒரே கேட்ச்ல பிடிச்சு 'சம்திங் வென்ட் ராங்'னு காட்டுறோமே, அதேதான் இது, பேங்க் அளவுல. கடைக்காரருக்கும் அந்த 05 மட்டும்தான் தெரியும். அதனாலதான் அவர் "பேங்கைக் கேளுங்க"ன்னு சொல்றார். அவர் பொய் சொல்லல. பேங்க் கஸ்டமர் கேர்ல போனை எடுக்கிறவருக்கும் பல நேரம் எந்த விதி அடிச்சதுன்னு திரையில காட்டாது. அவரும் பொய் சொல்லல. ரெண்டு பேரும் உண்மையைச் சொல்றாங்க, உங்களுக்குப் பதில் கிடைக்கல.

நம்ம நேயர் விஷயத்துல ஒரு துப்பு இருக்கு. மூணாவது கார்டு போயிடுச்சு. அப்போ கடையோட பேமென்ட் கணக்கு உயிரோட இருக்கு. முகவரி தப்பா இருந்தா மூணும் போயிருக்காது. அதனால தடுத்தது கார்டு கொடுத்த பேங்குகள்தான். அது 5993-க்கான விதியாவும் இருக்கலாம், மோசடி சந்தேக மதிப்பெண்ணாவும் இருக்கலாம். இந்த மாதிரி கடைகள்ல சிலது உள்நாட்டு பேங்க் கிடைக்காம வெளிநாட்டு பேங்க் வழியா பணம் வாங்குவாங்க. அப்போ டெக்சாஸ் கடையில வாங்கினது உங்க பேங்குக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனையாத் தெரியும். உடனே சந்தேகம்.

ஏன் உள்நாட்டு பேங்க் கிடைக்கலங்கிறது அடுத்த கேள்வி. ஆன்லைன்ல புகையிலை விற்கிறதை விசா, மாஸ்டர்கார்டு ரெண்டுமே அதிக ரிஸ்க் உள்ள வகையா வெச்சிருக்கு. கடையைச் சேர்த்துக்கிற பேங்க் அதைத் தனியாப் பதிவு பண்ணணும், கட்டணம் கட்டணும், கண்காணிக்கணும், தப்பு நடந்தா அபராதம். இத்தனை வேலை எதுக்குன்னு பல பேங்க் ஒதுங்கிடும். ஸ்ட்ரைப் மாதிரி சேவைகளோட கட்டுப்பாட்டுப் பட்டியலைத் திறந்து பாருங்க, இ-சிகரெட் இருக்கும். மிச்சம் இருக்கிற 'ஹை ரிஸ்க்' ப்ராசஸர்கள்கிட்ட போனா கட்டணம் அதிகம், விற்பனைப் பணத்துல ஒரு பங்கை மாசக்கணக்குல பிடிச்சு வெச்சுக்குவாங்க. இதைத் தாங்க முடியாத கடைக்காரர் என்ன பண்ணுவார்? சிலர் நாலு இலக்கத்தை மாத்திடுவாங்க. டி-ஷர்ட் கடை, பரிசுப்பொருள் கடைன்னு ஒரு கணக்கு திறந்து, அது வழியா வேப் பணத்தை வாங்குவாங்க. மாட்டினா மாஸ்டர்கார்டு வெச்சிருக்கிற 'மேட்ச்'ங்கிற பட்டியல்ல பேர் ஏறும். ஏறினா அஞ்சு வருஷம் இறங்காது, வேற எந்த பேங்கும் அனேகமாச் சேர்த்துக்காது.

இப்போ சட்டத்துக்கு வருவோம். இங்கதான் எனக்கு விஷயம் சுவாரஸ்யமாச்சு.

2005 மார்ச்சுல அமெரிக்காவுல ஒண்ணு நடந்தது. அப்போ வேப் இல்ல, இன்டர்நெட்ல வரி கட்டாத சிகரெட் மலிவா விக்கிற தளங்கள்தான் தலைவலி. மாநிலங்களுக்கு வரி நஷ்டம், சின்னப் பசங்களும் வாங்குறாங்க. மாநில அட்டர்னி ஜெனரல்களும் மத்திய அரசோட ஏடிஎஃப் அமைப்பும் கார்டு நிறுவனங்களோட உட்கார்ந்து பேசினாங்க. பெரிய கார்டு நிறுவனங்கள் அந்த விற்பனைக்குப் பணம் வாங்கித் தர்றதை நிறுத்த ஒத்துக்கிட்டாங்க. புதுச் சட்டம் எதுவும் இல்ல. பேச்சுவார்த்தை, அவ்வளவுதான். சட்டம் அஞ்சு வருஷம் கழிச்சுதான் வந்தது, 2010-ல, 'பாக்ட்' சட்டம்னு.

அந்தச் சட்டத்தை 2020 டிசம்பர்ல திருத்தி, வேப்பையும் சிகரெட் கணக்குல சேர்த்தாங்க. ஆன்லைன்ல விக்கிறவர் பதிவு பண்ணணும், மாநில வரி கட்டணும், மாசாமாசம் கணக்குக் கொடுக்கணும், வாங்குறவர் வயசை டேட்டாபேஸ்ல சரிபார்க்கணும், டெலிவரி பண்றப்போ பெரியவங்க கையெழுத்து வாங்கணும். தபால்துறை வழியா அனுப்பக் கூடாது, சில விதிவிலக்கு தவிர. அது 2021 அக்டோபர்ல நடைமுறைக்கு வந்தது. ஃபெடெக்ஸும் யுபிஎஸ்ஸும் அதுக்கு முன்னாடியே, அந்த வருஷம் மார்ச், ஏப்ரல்லயே வேப் பார்சலை நிறுத்திட்டாங்க.

கவனிச்சீங்களா? விக்கிறவருக்கு என்ன விதி, தபால்காரருக்கு என்ன விதின்னு சட்டம் வரிவரியாச் சொல்லுது. விதிப்படி நடக்கிற கடைக்கு வர்ற கார்டு பணத்தைத் தடுக்கணும்னு பேங்குக்குச் சொல்லல. தபால்துறை தடுக்கிறதுக்கு எழுதின விதி இருக்கு. உங்களுக்குப் பிடிக்கலன்னா கோர்ட்டுக்குப் போகலாம். பேங்க் தடுக்கிறது அதோட சொந்த வியாபார முடிவு. யார் மேல கேஸ் போடுவீங்க?

"தனியார் நிறுவனம்தானே, யாரோட வியாபாரம் பண்ணணும்னு அவங்க இஷ்டம்"னு ஒரு வாதம் இருக்கு. ஒரு டீக்கடைக்கு அது சரி. ஆனா கார்டு இல்லாம ஆன்லைன் கடை கிடையாது, கார்டு நெட்வொர்க்னா விரல்விட்டு எண்ணிடலாம். அதோட, அந்த முடிவு எப்பவும் முழுசா 'சொந்த' முடிவா இருக்கறதில்ல. அமெரிக்காவுல பேங்குகளைக் கண்காணிக்கிற எஃப்டிஐசி 2011-ல ஒரு பட்டியல் போட்டுச்சு, ரிஸ்க் அதிகமான வியாபாரங்கள்னு. அதுல போன்ஸி மோசடியும் இருந்தது, துப்பாக்கித் தோட்டா விற்பனை, பட்டாசு, டேட்டிங் சேவை, புகையிலை விற்பனையும் இருந்தது. மோசடியும் சட்டப்படியான தொழிலும் ஒரே வரிசையில. 2013-ல நீதித்துறை 'ஆபரேஷன் சோக் பாயின்ட்'னு ஆரம்பிச்சு, மோசடிக்காரங்களுக்குப் பணப் பாதையை நெரிக்கிறோம்னு பேங்குகளைக் கேள்வி கேட்டாங்க. நோக்கம் மோசடி. ஆனா கண்காணிப்பாளர் ஒருத்தர் உங்க பேங்குக்கு வந்து ஒரு பட்டியலைக் காட்டி "இவங்க எல்லாம் உங்க கஸ்டமரா?"ன்னு கேட்டா நீங்க என்ன பண்ணுவீங்க? கணக்கை மூடிடுவீங்க. உத்தரவே தேவையில்ல. எஃப்டிஐசி 2014-ல அந்தப் பட்டியலை வாபஸ் வாங்குச்சு, 2017-ல அந்த ஆபரேஷன் முடிஞ்சதுன்னு நீதித்துறை சொல்லிடுச்சு. பேங்குகளோட உள்விதிகளை யாராவது திரும்ப எழுதினாங்களான்னா... சாஃப்ட்வேர்காரங்களுக்குத் தெரியும், ஒரு தடவை உள்ள போன 'இஃப்' கண்டிஷனை எடுக்க யாருக்கும் தைரியம் வராது.

இதுவரைக்கும் பேங்கை வில்லன் மாதிரி பேசிட்டேன். அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, அது சின்ன நியாயம் இல்ல.

2019-ல அமெரிக்க ஹைஸ்கூல் பசங்கள்ல 27.5 சதவீதம் பேர், கடந்த முப்பது நாள்ல வேப் பிடிச்சிருக்கோம்னு அரசு சர்வேயில சொன்னாங்க. நாலுல ஒண்ணுக்கும் மேல. 2024-ல அது 7.8-க்கு வந்திருக்கு. நடுவுல நிறைய நடந்தது. வாங்குற வயசு 21 ஆச்சு, பாட் வகையில பழ வாசனைகளுக்குக் கட்டுப்பாடு வந்தது, ஸ்கூல் மூடின கோவிட் வருஷம் வந்தது. கார்டு தடுப்புக்கு இதுல எவ்வளவு பங்குன்னு யாரும் பிரிச்சுச் சொல்லிட முடியாது. ஆனா அப்பா கார்டை எடுத்து ரூம்ல உட்கார்ந்து ஆர்டர் பண்ற பதினாலு வயசுப் பையன் கற்பனை இல்ல. அந்த வீட்டுல இருக்கிறவங்ககிட்ட போய் 'பரிவர்த்தனைச் சுதந்திரம்'னு பேசிப் பாருங்க.

இன்னொண்ணு. "சட்டப்படியான பொருள்"னு நம்ம நேயர் சொன்னார் இல்லையா, அதுவே அவ்வளவு நேர்க்கோடு இல்ல. அமெரிக்காவுல வேப் விக்கணும்னா எஃப்டிஏ அனுமதி வேணும். லட்சக்கணக்குல விண்ணப்பம் வந்தது, பெரும்பாலானதை நிராகரிச்சாங்க. 2025 ஜூலையில ஜூலுக்கு அனுமதி கொடுத்தப்போ மொத்தக் கணக்கு 39 பொருள்தான், எல்லாம் புகையிலை, மென்தால் வாசனை. கடைகள்ல கலர் கலரா இருக்கிற மாம்பழம், தர்பூசணி எல்லாம் இந்த 39-ல கிடையாது. நிராகரிப்பை எதிர்த்து ஒரு கம்பெனி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு, 2025 ஏப்ரல்ல எல்லா நீதிபதிகளும் எஃப்டிஏ பக்கம் நின்னாங்க. இப்போ நீங்க ஒரு பேங்க்ல கம்ப்ளையன்ஸ் அதிகாரி. 5993 கடை ஒண்ணு, ஐந்நூறு பொருள் விக்குது, எது அனுமதி உள்ளது எது இல்லாததுன்னு மெசேஜ்ல தெரியாது. உங்களுக்கு இதுல வர்ற கமிஷன் சில்லறை. நானா இருந்தாலும் தடுத்திருப்பேனோ என்னவோ.

அப்போ என் பிரச்சினை என்ன? தடுக்கிறது இல்ல. சொல்லாம தடுக்கிறது. எழுத்துல இல்லாத விதியை எதிர்த்து யாரும் நிக்க முடியாது.

இந்தியாவுல ஒரு நல்ல உதாரணம் இருக்கு, க்ரிப்டோ. 2018 ஏப்ரல்ல ரிசர்வ் பேங்க் ஒரு சுற்றறிக்கை போட்டுச்சு, க்ரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளுக்கு பேங்குகள் சேவை தரக் கூடாதுன்னு. காகிதத்துல, தேதி போட்டு. அதனால அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போக முடிஞ்சது. 2020 மார்ச் 4-ஆம் தேதி கோர்ட் அதை ரத்து பண்ணுச்சு. க்ரிப்டோ தப்பா சரியான்னு தீர்ப்பு இல்ல. இவ்வளவு கடுமையான நடவடிக்கைக்கு ஏத்த பாதிப்பைக் காட்டலன்னுதான் சொன்னாங்க. அதுக்கப்புறமும் சில பேங்குகள் கஸ்டமர்களுக்கு அந்த ரத்தான சுற்றறிக்கையையே காட்டி மெயில் அனுப்பினாங்க. 2021 மே மாசம் ரிசர்வ் பேங்கே "அதை மேற்கோள் காட்டாதீங்க"ன்னு சொல்ல வேண்டியதாச்சு. நான் சொன்ன 'இஃப்' கண்டிஷன் ஞாபகம் வருதா?

2022 ஏப்ரல்ல காயின்பேஸ் யுபிஐயோட இந்தியாவுல இறங்குச்சு. எந்த க்ரிப்டோ எக்ஸ்சேஞ்சும் யுபிஐ பயன்படுத்துறதா எங்களுக்குத் தெரியாதுன்னு என்பிசிஐ ஒரு வரி அறிக்கை விட்டுச்சு. சில நாள்ல யுபிஐ வசதி நின்னு போச்சு. இந்தத் தடவை ரத்து பண்ண ஒரு காகிதம்கூட இல்ல. க்ரிப்டோ மேல எனக்குப் பெரிய அன்பு எல்லாம் கிடையாது. ஆனா இந்த ரெண்டு சம்பவத்துல எதை நான் சகிச்சுக்குவேன்னு கேட்டா, முதல் வகையைத்தான். வேப் தடைச் சட்டமும் அப்படித்தான். ஒத்துக்கிறீங்களோ இல்லையோ, பார்லிமென்ட்ல நிறைவேறின, படிக்கக்கூடிய ஒரு சட்டம்.

தடுக்கிறதை ஒழுங்காச் செய்யவும் முடியும். பிரிட்டன்ல 2020 ஏப்ரல் 14-ல இருந்து க்ரெடிட் கார்டுல சூதாடக் கூடாது. அதைச் சூதாட்ட ஆணையம் விதியா அறிவிச்சுது, எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முன்னாடி 2018-லயே மோன்ஸோங்கிற பேங்க் ஆப்ல ஒரு ஸ்விட்ச் வெச்சாங்க. நீங்களே ஆன் பண்ணா சூதாட்டத்துக்கு உங்க கார்டு வேலை செய்யாது. ஆஃப் பண்ணணும்னா அவங்க சப்போர்ட்ல பேசி, 48 மணி நேரம் காத்திருக்கணும். அந்த ரெண்டு நாள்ல மனசு மாறிடலாம்னு. டெக்னிக்கலா இதுவும் அதே நாலு இலக்க எண்ணை வெச்சுப் பண்றதுதான், அங்க 7995. வேப்பை விட நினைக்கிறவருக்கும் இந்த ஸ்விட்ச் பயன்படும். பையன் கையில கார்டு போயிடுமோன்னு பயப்படுற அப்பாவுக்கும் பயன்படும். 5993-க்கு அதே மாதிரி ஒண்ணு எழுத எத்தனை நாள் ஆகும்? நம்ம டீம்ல ஒரு ஸ்ப்ரின்ட்.

கடைசியா அந்த நேயருக்கு நேரடியாச் சொல்ல வேண்டியது. தடுத்த ரெண்டு பேங்குக்கும் எழுத்துல கேளுங்க, மெசேஜ் வழியா. "இந்தப் பரிவர்த்தனை எந்த ரெஸ்பான்ஸ் கோடுல டிக்ளைன் ஆச்சு, கடையோட எம்சிசி என்ன, 5993-ஐ நீங்க மொத்தமாத் தடுக்கிறீங்களா"ன்னு மூணு கேள்வி. போன்ல கேட்டா மறுபடியும் பந்து விளையாட்டுதான். தடுத்தது மோசடி சந்தேகத்துலன்னா, நான்தான் பண்ணினேன்னு சொன்னா அடுத்த தடவை போகும். விதியாலன்னா போகாது, அந்தக் கார்டு விஷயத்துல நேரத்தை வீணாக்காதீங்க.

இன்னொரு விஷயம், இது முக்கியம். கார்டு போகலன்னதும் கடை "ஸெல்ல அனுப்புங்க, க்ரிப்டோல அனுப்புங்க, பத்து சதவீதம் தள்ளுபடி"ன்னு சொல்லும். கார்டுல பொருள் வரலன்னா பணத்தைத் திருப்பிக் கேட்க ஒரு வழி இருக்கு. அங்க அது கிடையாது, அனுப்பினது போனதுதான். அதுவும் இது உள்ள இழுத்து நுரையீரலுக்குப் போற பொருள். 2019-ல அமெரிக்காவுல நடந்ததைத் தேடிப் படிங்க. கஞ்சா எண்ணெய் கலந்த, எங்கிருந்து வந்ததுன்னே தெரியாத வேப் கார்ட்ரிட்ஜ்கள், அதுல கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட். 2020 பிப்ரவரி வரைக்கும் 2,807 பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க இல்ல இறந்தாங்க, அதுல இறந்தது 68 பேர். முகவரி இல்லாத விற்பனையாளருக்கு, திருப்ப முடியாத பணம் அனுப்பி வாங்குறதுக்குப் பதிலா, நேர்ல இருக்கிற கடைக்கு வண்டி எடுத்துட்டுப் போயிடுங்க. அதைவிட நல்லது, டாக்டர்கிட்ட நிக்கோடின் பேட்ச், கம் பத்திக் கேட்டு, இந்தக் கடைப் பக்கமே போகாம இருக்க முடியுதான்னு பார்க்கிறது. அவரே மெயில் கடைசியில அதையும் யோசிக்கிறதா எழுதியிருந்தார்.

அடுத்த எபிசோடுல இதே பேமென்ட் மெசேஜ்ல இன்னொரு ஃபீல்டைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன், பணம் பிடிச்சுட்டாங்க ஆனா ஆர்டர் ஃபெயில் ஆச்சுன்னு நிறைய பேர் கேட்கிறீங்க இல்லையா, அது. உங்க பேங்க் உங்களுக்கு 05 கொடுத்த கதை இருந்தா எழுதி அனுப்புங்க, பேங்க் பேரை எடுத்துட்டுத்தான் படிப்பேன்.